“நியாயந்தீர்க்காதே” என்றால் என்ன? தாழ்மை, ஐக்கியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பு, வாலிபர் கூட்டம், ஆராதனை முடிந்தபின் வாசலில் நின்று பேசும் நேரம் என்று எங்கே போனாலும் இந்தக் கேள்விகள் வந்துவிடுகின்றன. வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் முதல் மூன்றை விட்டுவிட்டு நடுவில் நுழைந்தால் சில பதில்கள் மொட்டையாகத் தெரியலாம். வசனங்கள் சபைகளில் பரவலாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

நியாயந்தீர்க்கக் கூடாது என்று இயேசுவே சொல்லிவிட்டாரே. அப்புறம் எது சரி, எது தப்பு என்று பேசவே கூடாதா?

பேசலாம். பேசாமல் இருக்கவும் முடியாது. மத்தேயு 7-ம் அதிகாரம், “நீங்கள் குற்றவாளிகளென்று தீர்க்கப்படாதபடிக்கு மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்” என்றுதான் தொடங்குகிறது. ஆறாம் வசனத்துக்கு வந்தால், பரிசுத்தமானதை நாய்களுக்குக் கொடுக்க வேண்டாம், முத்துக்களைப் பன்றிகள்முன் போட வேண்டாம் என்கிறார். 15-ம் வசனத்தில் கள்ளத்தீர்க்கதரிசிகளைக் குறித்து எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறார், கனிகளைப் பார்த்து அவர்களை அறிந்துகொள்ளலாம் என்கிறார். யார் எப்படிப்பட்டவர் என்று எடைபோடாமல் எச்சரிக்கையாக இருப்பது எப்படி? யோவான் 7:24-ல் கட்டளையாகவே இருக்கிறது: “தோற்றத்தின்படி தீர்ப்புசெய்யாமல், நீதியின்படி தீர்ப்புசெய்யுங்கள்.”

முதல் வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு வருவதால்தான் இந்தக் குழப்பம். பைபிளைத் திறந்தே பார்க்காதவர்களுக்கும் அந்த ஒரு வசனம் மனப்பாடம்.

அப்படியானால் இயேசு தடுப்பது எதை?

ஒரு செயலைப் பார்த்து “இது தப்பு” என்று சொல்வதை அவர் தடுக்கவில்லை. அந்த ஆளையே முடித்துவைப்பதைத் தடுக்கிறார். “அவன் பொய் சொன்னான்” என்பது நடந்ததைப் பற்றிய பேச்சு. “அவன் பொய்யன், அவன் வாயிலிருந்து வேறென்ன வரும்” என்பது நேற்றையும் நாளையையும் சேர்த்து எழுதிவிட்ட தீர்ப்பு. அந்த இரண்டாவது வேலை நமக்குக் கொடுக்கப்படவில்லை. யாக்கோபு 4:12 அதை மிகக் கறாராகச் சொல்கிறது: நியாயப்பிரமாணத்தைக் கொடுத்தவர் ஒருவரே, “மற்றவனைக் குற்றப்படுத்துகிறதற்கு நீ யார்?”

நோக்கமும் அப்படித்தான். ஒருவர் காணிக்கை கொடுத்ததைப் பார்க்கலாம், எதற்காகக் கொடுத்தார் என்பதைப் பார்க்க முடியாது. 1 கொரிந்தியர் 4:5-ல் பவுல், காலத்துக்கு முன்னே தீர்ப்பு சொல்லாதிருங்கள் என்கிறார். இருதயங்களின் யோசனைகளைக் கர்த்தர் வரும்போதுதான் வெளிப்படுத்துவார் என்பது அவர் சொல்லும் காரணம். நம்மில் பலருக்கு அதுவரை பொறுமை இல்லை. “பேர் வாங்கத்தான் கொடுக்கிறார்” என்று கார் நிறுத்துமிடத்துக்குப் போவதற்குள் முடிவுகட்டி விடுகிறோம்.

உத்திரம், துரும்பு உவமையின்படி, என் குறையெல்லாம் தீர்ந்த பிறகுதான் பிறரைப் பற்றி வாய் திறக்க வேண்டுமா?

அப்படிப் பார்த்தால் ஒருவரும் ஒருவருக்கும் உதவ முடியாது. உவமையைக் கடைசிவரை படியுங்கள். “முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய்” என்று முடிகிறது. துரும்பை எடுக்காதே என்று இயேசு சொல்லவில்லை. முதலில் எது, அடுத்தது எது என்று வரிசைதான் சொல்கிறார். துரும்பு சின்னதாக இருந்தாலும் கண்ணில் விழுந்தால் உறுத்தும், அதை யாராவது எடுத்துவிட்டால் நல்லதுதான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கண்ணில் இருப்பதை எடுக்க வேண்டுமானால் பக்கத்தில் போக வேண்டும், முகத்தோடு முகம் வைக்க வேண்டும், அவரும் அசையாமல் இருந்து நம்மை நம்ப வேண்டும். தெருவின் அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டு எடுக்க முடியாது. புதிய ஏற்பாட்டில் தீர்ப்பைப் பற்றி வரும் இடங்களைச் சேர்த்துப் படித்தால் பலவும் இதைத்தான் செய்யச் சொல்கின்றன: அவனிடத்தில் போ, அவனோடு சாப்பிடு, அவன் பாரத்தைச் சும, அவன் காலைக் கழுவு. தூரத்தில் இருக்கும்வரை ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது சுலபம். கிட்டப் போனால் அந்த வேலை கடினமாகிவிடும்.

எகிப்தின் பாலைவனத் துறவிகளில் மோசே என்று ஒருவர் இருந்தார், 4-ம் நூற்றாண்டு. துறவியாவதற்கு முன் கொள்ளைக்காரர். ஸ்கேத்தே என்ற இடத்தில் ஒரு சகோதரர் தவறு செய்துவிட, விசாரிக்கக் கூட்டம் போட்டார்கள். மோசே வர மறுத்தார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது, ஓட்டைக் கூடையில் மணலை நிரப்பி முதுகில் சுமந்துகொண்டு வந்தார் (ஒழுகும் ஜாடியில் தண்ணீர் என்றும் ஒரு பாடம் உண்டு). இது என்ன என்று கேட்டவர்களிடம், என் பாவங்கள் எனக்குப் பின்னால் கொட்டிக்கொண்டே வருகின்றன, நான் அவற்றைப் பார்ப்பதில்லை, இன்னொருவர் தவறை விசாரிக்க மட்டும் வந்திருக்கிறேன் என்றாராம். கூட்டம் அந்தச் சகோதரரை ஒன்றும் சொல்லாமல் மன்னித்துவிட்டது.

ஒருவர் தப்பான வழியில் போவது கண்ணுக்குத் தெரிகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

மத்தேயு 18:15 முதல் படியைச் சொல்கிறது: “அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து.” கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போவது இரண்டாவது. சபைக்குத் தெரிவிப்பது அதற்கும் அப்புறம். நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. முதலில் ஊருக்கெல்லாம் தெரியும், பிறகு பாஸ்டருக்குத் தெரியும், கடைசியில்தான் சம்பந்தப்பட்டவருக்கே தெரியவரும்.

எப்படிப் பேச வேண்டும் என்பதற்குக் கலாத்தியர் 6:1. சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்று சொன்ன கையோடு, “நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு” என்கிறார் பவுல். போவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். நீங்கள் கேள்விப்பட்டதா, கண்டதா? கேள்விப்பட்டது மட்டும்தான் என்றால் குற்றச்சாட்டோடு போகாமல் கேள்வியோடு போங்கள்: “இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தது, என்ன நடந்தது என்று உங்களிடமே கேட்கலாம் என்று வந்தேன்.” இரண்டாவது, போய்ச் சொல்வதற்கு உள்ளுக்குள் ஒரு ஆசை பொங்குகிறதா? பொங்கினால் இரண்டு நாள் பொறுங்கள். தயக்கத்தோடு போகிறவர்கள்தான் பெரும்பாலும் ஒழுங்காகப் பேசிவிட்டு வருகிறார்கள்.

ஜெபக்குறிப்பாகச் சொல்வதில் தப்பு இல்லையே?

ஒரு ஜெபக்கூட்டம் முடியும் தறுவாயில் இருக்கிறது. யாருக்காவது ஜெபக்குறிப்பு உண்டா என்று கேட்கிறார்கள். ஒரு அக்கா தயங்கித் தயங்கி ஆரம்பிக்கிறார்: “பேர் வேண்டாம். ஒரு குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க. வீட்டுக்காரர் மறுபடியும் பழைய பழக்கத்துக்குப் போயிட்டாராம்.” அறையில் இருக்கும் எல்லாருக்கும் அது யார் என்று தெரியும், ஏனென்றால் கொஞ்ச நாளாக வராத குடும்பம் ஒன்றே ஒன்றுதான். “ஐயோ பாவம்” என்று ஒரு குரல். “எனக்கு அப்பவே தெரியும்” என்று இன்னொரு குரல். பிறகு எல்லாரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஜெபம் நன்றாகவே நடக்கிறது, ஒருவர் அழக்கூடச் செய்கிறார். அந்த வீட்டுக் கதவை மட்டும் அந்த வாரம் யாரும் தட்டவில்லை.

அந்த அக்கா கெட்டவர் என்று நான் சொல்லவில்லை (சொன்னால் இந்தப் பக்கத்துக்கே அர்த்தமில்லை). ஆனால் வாய் திறப்பதற்கு முன் ஒன்று செய்திருக்கலாம்: அந்தக் குடும்பத்திடமே போய், “கூட்டத்தில் உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லட்டுமா?” என்று கேட்டிருக்கலாம். வேண்டாம் என்றால் தனியாக ஜெபிப்பதை யார் தடுக்கப்போகிறார்கள்?

“என்னை நியாயந்தீர்க்காதே” என்று சொல்லியே தலைவர்கள் சிலர் கேள்வி கேட்பவர்களின் வாயை அடைக்கிறார்களே?

இந்த வசனம் மிக மோசமாகப் பயன்படுத்தப்படும் இடம் இதுதான். சபைப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயந்தீர்ப்பு ஆகாது. பவுலே எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைத் தனியாகக் கொண்டுபோகாமல், சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரோடு கொண்டுபோனார். ஒருவரும் குற்றப்படுத்த இடம் இருக்கக் கூடாது, கர்த்தர் முன்பாக மட்டும் அல்ல, மனுஷர் முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8-ல் காரணமும் எழுதியிருக்கிறார். அப்போஸ்தலனுக்கே கூட ஆள் தேவைப்பட்டது என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மூப்பர்மேல் வரும் புகாரை எப்படிக் கையாள்வது என்றும் 1 தீமோத்தேயு 5:19–20 சொல்கிறது. இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்பது பொய்ப்புகாரிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு. குற்றம் உண்மையானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்பது சபைக்குப் பாதுகாப்பு. பதவி பெரிது என்பதால் பேச்சு மெதுவாக வேண்டும் என்று அங்கே இல்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். குழந்தைகளோ, பலவீனமான நிலையில் இருப்பவர்களோ பாதிக்கப்பட்டிருந்தால், “தனியாகப் போய்ப் பேசு” என்று பாதிக்கப்பட்டவரையே குற்றம் செய்தவரிடம் அனுப்புவது கொடுமை. அது போலீசுக்கும் சட்டத்துக்கும் உரிய விஷயம், உடனே அங்கே போக வேண்டும். அதிகாரமுள்ளவர்கள் தீமை செய்கிறவனைத் தண்டிக்கத் தேவனால் வைக்கப்பட்டவர்கள் என்று ரோமர் 13 சொல்வதை, சபை தன் பேர் கெட்டுவிடுமே என்று பயந்து மறந்துவிடக் கூடாது.

தாழ்மை என்றால் “நான் ஒன்றுமில்லாதவன்” என்று சொல்லிக்கொள்வதா?

அதைச் சொல்லிவிட்டு, எதிரே இருப்பவர் “இல்லை இல்லை, நீங்கள் எவ்வளவு பெரியவர்” என்று மறுப்பதற்காகக் காத்திருப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

யோவான் 13-ல் இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவுகிறார். தம்மைப் பற்றிக் குறைத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு நேர்மாறாக, “நீங்கள் என்னைப் போதகரென்றும், ஆண்டவரென்றும் சொல்லுகிறீர்கள், நீங்கள் சொல்லுகிறது சரியே” என்கிறார். தாம் யார் என்று நன்றாகத் தெரிந்தும் கீழே உட்கார்ந்தார். யூதாஸும் அந்த அறையில் இருந்தான், காட்டிக்கொடுப்பான் என்று தெரிந்தும் அவன் காலை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போனதாக அங்கே எழுதியில்லை. பிலிப்பியர் 2-ல் “ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்” என்று எழுதும் பவுல், அதற்கு மாதிரியாகக் காட்டுவது தேவனுடைய ரூபமாயிருந்தும் அடிமையின் ரூபமெடுத்த கிறிஸ்துவை. திறமையை மறைப்பதோ, பாடத் தெரிந்தவர் தெரியாது என்று சொல்வதோ இதில் சேராது.

நான் தாழ்மையாக இருக்கிறேனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்காமல் இருப்பதே நல்லது. லூக்கா 18-ல் வரும் பரிசேயன் வாரத்தில் இரண்டு தரம் உபவாசிக்கிறான், தசமபாகம் செலுத்துகிறான், எல்லாவற்றுக்கும் தேவனுக்கு நன்றியும் சொல்கிறான். அவன் சொன்னது எதுவும் பொய் இல்லை. பக்கத்தில் ஜெபித்த ஆயக்காரனை, அதாவது வரி வசூலிப்பவனை, ஓரக்கண்ணால் பார்த்தான், அங்கேதான் கெட்டது. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு “நல்லவேளை, நான் அந்தப் பரிசேயனைப்போல் இல்லை” என்று நினைத்தவர்கள் எத்தனை பேரோ.

உங்கள் வீட்டார் உங்கள் தவறை எடுத்துச் சொல்ல பயப்படுகிறார்களா என்று வேண்டுமானால் பாருங்கள். அது ஓரளவு சொல்லிவிடும்.

ஐக்கியம் என்றால் எல்லாரும் ஒரே மாதிரி நினைக்க வேண்டுமா?

ரோமர் 14-ஐ மெதுவாகப் படியுங்கள். ரோமாபுரிச் சபையில் சிலர் எல்லாவற்றையும் சாப்பிட்டார்கள், சிலர் மரக்கறி மட்டும். சிலர் குறிப்பிட்ட நாள்களை விசேஷமாக எண்ணினார்கள், சிலருக்கு எல்லா நாளும் ஒன்றுதான். இவை அவர்களுக்குச் சின்ன விஷயங்கள் அல்ல. யூத வழக்கத்தில் வளர்ந்தவருக்கு உணவும் நாளும் தேவனுக்குக் கீழ்ப்படிவதோடு பிணைந்தவை. பவுல் தம் கருத்து எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை, எந்த உணவும் தன்னிலே தீட்டுள்ளது அல்ல என்று நிச்சயித்திருப்பதாகச் சொல்கிறார். ஆனாலும் எல்லாரையும் தம் பக்கம் இழுக்கவில்லை. “அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்” என்று விட்டுவிடுகிறார்.

இரண்டு தரப்புக்கும் அவர் வேறு வேறு புத்தி சொல்வதைக் கவனியுங்கள். சாப்பிடுகிறவனிடம், சாப்பிடாதவனை அற்பமாக எண்ணாதே என்கிறார். சாப்பிடாதவனிடம், சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்காதே என்கிறார். சுதந்திரமாக இருப்பவருக்கு இளக்காரம் வரும், கட்டுப்பாடாக இருப்பவருக்குக் கண்டனம் வரும். இன்றும் அப்படியே. நகை போடுவதா, சினிமா பார்ப்பதா, கைதட்டிப் பாடுவதா என்று பட்டியல்தான் மாறியிருக்கிறது. ஒரு சாரார் மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், மற்றவர்கள் இவர்களுக்காகப் பெருமூச்சு விடுகிறார்கள். “மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?” என்ற கேள்வி இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிறது.

அப்படியானால் எதையும் விட்டுக்கொடுத்துவிடலாமா?

இல்லை. ரோமர் 14-ஐ எழுதிய அதே கைதான் கலாத்தியர் 1-ல், வேறொரு சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கிறவன் சபிக்கப்பட்டவன் என்றும் எழுதியது. கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார் என்று 1 கொரிந்தியர் 15 சொல்வதில் பவுலிடம் பேரம் கிடையாது. காய்கறியில் விட்டுக்கொடுத்தார், இதில் விட்டுக்கொடுக்கவில்லை.

அடிப்படையில் ஒற்றுமை, மற்றவற்றில் சுதந்திரம், எல்லாவற்றிலும் அன்பு என்று ஒரு வாசகம் சொல்வார்கள். பழைய சபைப் பிதாக்களில் ஒருவரான அகஸ்டின் சொன்னதாகப் பிரசங்கங்களில் வரும். அது உண்மையில் 17-ம் நூற்றாண்டில், மதப் பிரிவுகளால் ஐரோப்பா பற்றி எரிந்த காலத்தில் உருவானது. வாசகம் அருமைதான், ஆனால் எது அடிப்படை என்பதில்தான் சண்டையே வருகிறது. சண்டை போடும் இருவரும் அந்த வாசகத்தை மேற்கோள் காட்டுவார்கள்.

இயேசு “எல்லாரும் ஒன்றாயிருக்கவும்” என்று ஜெபித்தாரே. இத்தனை பிரிவுகளைப் பார்த்தால் அந்த ஜெபம் என்ன ஆயிற்று?

யோவான் 17 ஜெபம் சபைக்கு உறுத்தலாகத்தான் இருக்க வேண்டும், அதைச் சமாதானம் சொல்லி மழுப்ப வேண்டாம். 1054-ல் ரோமின் பிரதிநிதிகளும் கான்ஸ்டான்டினோப்பிள் பிதாப்பிதாவும் (கிழக்குச் சபையின் தலைமை ஆயர்) ஒருவரையொருவர் சபைக்குப் புறம்பாக்கினார்கள். அந்தக் கண்டனங்களைப் போப் ஆறாம் பவுலும் பிதாப்பிதா அத்தனாகோரசும் விலக்கிக்கொண்ட நாள் 1965 டிசம்பர் 7. நடுவில் 900 ஆண்டுகளுக்கு மேல். அதற்குப் பிறகும் அந்த இரண்டு சபைகளும் ஒரே பந்தியில் உட்காரவில்லை.

1529-ல் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் ஜெர்மனியில் மார்பர்க் நகரில் சந்தித்தார்கள். 15 அம்சங்களில் 14-ல் உடன்பாடு. கடைசியாக இருந்தது கர்த்தருடைய பந்தி. கிறிஸ்துவின் சரீரம் அப்பத்தில் எப்படி இருக்கிறது என்பதில் முறிந்தது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடச் சொன்ன பந்தியிலேயே பிரிந்தார்கள் என்று படிக்கும்போது மனசு கனக்கிறது. மறுபக்கம், லூத்தர் காலத்தில் மேற்கத்தியக் கிறிஸ்தவத்தை இரண்டாக்கிய நீதிமானாக்கப்படுதல் (மனிதன் தேவனுக்கு முன் எப்படி நீதிமானாகிறான்) என்ற உபதேசத்தைப் பற்றி 1999 அக்டோபர் 31-ல் லூத்தரன் சபைகளின் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மெதுவாகத்தான் நடக்கிறது.

6-ம் நூற்றாண்டில் காசாவில் வாழ்ந்த தொரொத்தேயு என்ற துறவி தம் சீடர்களுக்கு ஒரு வட்டம் வரைந்து காட்டுவதுபோல் விளக்கினார். நடுப்புள்ளி தேவன், விளிம்பிலிருந்து உள்ளே வரும் கோடுகள் மனிதர்கள். நடுவை நெருங்க நெருங்கக் கோடுகளும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. என்னைக் கேட்டால், மாநாடுகளோடு இதையும் யாராவது ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

வேறு சபைக்குப் போகிறவர் உண்மையில் ரட்சிக்கப்பட்டவர்தானா?

நம்மைப் பின்பற்றாத ஒருவன் உம்முடைய நாமத்தினாலே பிசாசுகளைத் துரத்துகிறான், தடுத்துவிட்டோம் என்று யோவான் பெருமையாக வந்து சொன்னபோது இயேசு சொன்னது: “நமக்கு விரோதமாயிராதவன் நமது பட்சத்திலிருக்கிறான்.” மாற்கு 9-ல் இருக்கிறது.

பவுலும் பர்னபாவுமே சண்டை போட்டுப் பிரிந்தார்கள். நாம் எந்த மூலைக்கு?

பிரிந்தது உண்மை. முதல் பயணத்தில் பம்பிலியா நாட்டில் பாதியிலேயே விட்டுப்போன மாற்குவை மறுபடி கூட்டிக்கொண்டு போவதா என்பதில் கடுங்கோபம் மூண்டது என்று அப்போஸ்தலர் 15 மறைக்காமல் எழுதுகிறது. பர்னபா மாற்குவோடு சீப்புருவுக்குக் கப்பலேறினார், பவுல் சீலாவோடு வேறு வழி போனார். யார் சரி என்று லூக்கா தீர்ப்பு எழுதவில்லை.

பல வருஷம் கழித்து, சிறையிலிருந்து, மரணம் நெருங்கிவிட்டது என்று தெரிந்த நிலையில் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி: “மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா; ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்.” ஒருகாலத்தில் வேண்டவே வேண்டாம் என்று சொன்ன ஆளைப் பற்றி. சேர்ந்து வேலை செய்ய முடியாமல் போவது நடக்கும். அந்த ஆளைப் பற்றி அன்று எடுத்த முடிவை மாற்றவே மாட்டேன் என்று இருப்பதுதான் ஆபத்து.

யாராவது தப்பாகப் போதிக்கும்போதும் சும்மா இருக்க வேண்டுமா?

வேண்டாம். ஆனால் முதலில் அப்பொல்லோவின் கதையைப் பாருங்கள். எபேசுவில் அவர் ஜெப ஆலயத்தில் தைரியமாகப் பேசினார், ஆனால் யோவான் ஸ்நானகனின் ஞானஸ்நானத்துக்கு மேல் அவருக்குத் தெரியாது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கேட்டுவிட்டு, அவரைச் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விவரித்தார்கள். கூட்டத்தில் எழுந்து நின்று மடக்கியிருந்தால் கைதட்டு கிடைத்திருக்கும், நல்ல போதகர் ஒருவர் கிடைத்திருக்க மாட்டார்.

பகிரங்கமாகவே எதிர்க்க வேண்டிய நேரமும் உண்டு. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு (யூதரல்லாதவர்களோடு) சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்பாகவும் முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2). பேதுருவின் செயல் பகிரங்கமாக இருந்தது, மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போனது. அப்போதும் பேதுருவிடம் பேசினார், பேதுருவைப் பற்றிப் பேசவில்லை.

மற்றவர்களை விடுங்கள். என்னை நானே ஓயாமல் குற்றவாளியாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். இதுதான் தாழ்மையா?

இல்லை. இதுவும் நமக்குக் கொடுக்கப்படாத அந்த வேலைதான், நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீங்கள், கூண்டில் நிற்பதும் நீங்கள். பவுல் 1 கொரிந்தியர் 4-ல், மனுஷர் என்னைத் தீர்ப்பது எனக்கு மிகவும் அற்பம், நானும் என்னைத் தீர்ப்பதில்லை, “என்னை நியாயம் விசாரிக்கிறவர் கர்த்தரே” என்கிறார். ஒரு காலத்தில் சபையைத் துன்பப்படுத்தினவர் எழுதியது இது, கடந்தகாலத்தில் கறையே இல்லாத மனிதர் எழுதியது அல்ல.

செய்த தப்பு குறிப்பிட்டதாக இருந்தால் அறிக்கையிடுங்கள், ஈடுசெய்ய முடிந்ததை ஈடுசெய்யுங்கள். அதற்குப் பிறகும் அதே குரல் ராத்திரியெல்லாம் கேட்டால் 1 யோவான் 3:20 அந்த மாதிரி ஆட்களுக்காகவே எழுதியது: நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும் தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர். வசனம் தெரிந்தும் உள்ளே இறங்கவில்லை என்றால் தனியாகப் போராடிக்கொண்டு இருக்காதீர்கள். நீங்கள் நம்பும் ஒருவரிடம் நேரில் போய், இன்னதுதான் என்னை அரிக்கிறது என்று சொல்லுங்கள். தூக்கம், சாப்பாடு எல்லாம் கெட்டுப்போயிருந்தால் ஒரு மருத்துவரையும் பாருங்கள், அது விசுவாசக் குறைவு ஆகாது.